ரத்தக்குழாய்க்குள் போகும் குட்டி ஸ்கேன்: ‘ஐவஸ்’ யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

கேத் லேப் கதவு பாதி திறக்கிறது. “ஆஞ்சியோகிராம் முடிஞ்சுதுங்க. இடது பக்கத்து மெயின் குழாய்ல அடைப்பு இருக்கிற மாதிரி தெரியுது. ஐவஸ் பண்ணிப் பார்த்துட்டா, ஸ்டென்ட் வேணுமா வேண்டாமானு தெளிவா முடிவெடுக்கலாம். கொஞ்சம் கூடுதல் செலவாகும். சம்மதமா?” வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் மகனுக்கும் அந்த வார்த்தையே புதிது. பதில் சொல்ல ஐந்து நிமிஷம்கூட இல்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இந்தத் தவிப்பு இரண்டு மடங்கு. 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக ஆலைகள் வந்த ஊர் ஓசூர். அன்று இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். நெஞ்சுவலி என்றால் இவர்களில் பலர் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூரு பக்கம்தான் போகிறார்கள். ஓசூர் சாலையிலேயே பொம்மசந்திராவில் நாராயணா இதய மருத்துவமனை இருக்கிறது. கொஞ்சம் உள்ளே போனால் ஜெயநகரில் கர்நாடக அரசின் ஜெயதேவா இதய நோய் நிறுவனம். மாநிலம் மாறுகிறது, காப்பீட்டு அட்டை செல்லுமா என்ற கேள்வி வருகிறது, சில நேரம் பேசும் மொழியும் மாறுகிறது. இதற்கு நடுவில் ‘ஐவஸ்’ என்று ஒரு புதுப்பெயர்.

சந்தேகப்படுவதும் இயல்பு. “பில்லை ஏத்தத்தான் இதெல்லாம்” என்று சொல்லும் சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் உண்டு. “காசு போனாப் போகுது, இருக்கிற டெஸ்ட் எல்லாத்தையும் பண்ணுங்க” என்பவரும் உண்டு. இருவர் சொல்வதும் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. ஐவஸ் சிலருக்கு உண்மையிலேயே பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்துகிறது. சிலருக்குத் தேவையே இல்லை. நம் வீட்டு நோயாளி இதில் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் குடும்பத்தினர் செய்ய வேண்டியது.

ஆஞ்சியோகிராம் காட்டுவது நிழலை

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை கொரோனரி தமனிகள் என்கிறோம். மணிக்கட்டு அல்லது தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இந்தத் தமனிகளில் ‘டை’ என்னும் சாய மருந்தை விட்டு எக்ஸ்ரே படம் எடுப்பதுதான் ஆஞ்சியோகிராம். 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் டாக்டர் மேசன் சோன்ஸ் தொடங்கிவைத்த முறை. இதய அடைப்பைக் கண்டுபிடிப்பதில் இன்றும் இதற்குத்தான் முதலிடம்.

ஆனால், ஆஞ்சியோகிராமில் தெரிவது குழாய்க்குள் ஓடும் சாயத்தின் நிழல் மட்டும்தான். குழாயின் சுவர் அதில் தெரியாது. சுவருக்குள் எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது, அது மென்மையான கொழுப்பா, கல் போன்ற கால்சியமா என்பதும் சரியாகத் தெரியாது.

இது எவ்வளவு முக்கியம் என்பதை 1987-ல் சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் சீமோர் கிளாகோவ் குழுவினர் காட்டினார்கள். கொழுப்பு படியத் தொடங்கும்போது தமனி உடனே சுருங்கிவிடுவதில்லை; வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. குழாயின் பரப்பில் ஏறத்தாழ 40 சதவிகிதத்தைக் கொழுப்பு பிடித்த பிறகே உள்வழி குறுகத் தொடங்குகிறது. அதுவரை நிழல்படத்தில் குழாய் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

மெஷின் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு சிலிண்டரின் உள்விட்டத்தைக் கண்ணால் பார்த்து யாரும் ஓகே போடுவதில்லை. போர் கேஜை உள்ளே விட்டு அளந்த பிறகுதான் எந்த அளவு பிஸ்டன் என்று முடிவாகும். தமனிக்கு அந்த போர் கேஜ் வேலையைச் செய்வதுதான் ஐவஸ்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஐ.வி.யு.எஸ். என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘ஐவஸ்’ என்கிறார்கள். ரத்தக்குழாய்க்குள் சென்று எடுக்கும் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் என்று பொருள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுக்கும் அதே ஒலி அலைத் தொழில்நுட்பம்தான். ஆனால் கருவி மிகச் சிறியது. சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கதீட்டரின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். வயிற்று ஸ்கேனில் பொதுவாக 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி அலைகள் என்றால், இதில் 20 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை. அலைவரிசை கூடக்கூட நுணுக்கமான படம் கிடைக்கும்.

1970-களில் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் நிக்கோலாஸ் போம் என்ற ஆய்வாளர் இந்த யோசனைக்கு உருவம் கொடுத்தார். 1980-களில் அமெரிக்க மருத்துவர் பால் யாக் அதைத் தமனிக்குள் பயன்படுத்தும் கருவியாக வளர்த்தார்.

ஆஞ்சியோகிராமுக்குப் போட்ட அதே துளை வழியாகவே ஐவஸ் கதீட்டரும் போகிறது. புதிதாக வெட்டுவதோ தைப்பதோ கிடையாது. முடியைப் போன்ற மெல்லிய கம்பி ஒன்றை முதலில் அடைப்பைத் தாண்டிச் செலுத்துவார்கள். அதன்மேல் கதீட்டரை நகர்த்தி, அடைப்புக்கு அப்பால் நிறுத்தி, மெதுவாக வெளியே இழுப்பார்கள். கதீட்டர் வரும் வழியெல்லாம் வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கியதுபோல, தமனியின் குறுக்குவெட்டுப் படங்கள் திரையில் ஓடும்.

அந்தப் படத்தில் டாக்டர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார். குழாயின் உண்மையான விட்டம் எவ்வளவு, அடைப்பின் நீளம் எவ்வளவு, அடைப்பு எதனால் ஆனது, ஸ்டென்ட் ஏற்கெனவே வைத்திருந்தால் அது சுவரோடு ஒட்டி முழுமையாக விரிந்திருக்கிறதா என்பவை.

வலிக்குமா? ஆபத்து உண்டா?

நோயாளி விழித்துத்தான் இருப்பார். துளை போடும் இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசி. ஆஞ்சியோகிராமுக்குப் பிறகு, வழக்கமாகச் சில நிமிடங்கள்தான் கூடுதலாகும். கதீட்டர் குறுகலான இடத்தைக் கடக்கும்போது கொஞ்ச நேரம் நெஞ்சு இறுக்கமாக இருக்கலாம். அதை அடக்கிக்கொள்ளாமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

பொதுவாக வரக்கூடிய தொல்லை, தமனி திடீரென்று சுருங்கிக்கொள்வது. நைட்ரோகிளிசரின் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அரிதாகத் தமனியின் உட்சுவரில் கீறல் விழலாம், ரத்தம் உறையலாம். உறையாமல் இருக்க முன்கூட்டியே ஹெப்பாரின் கொடுக்கப்படும். ஒலி அலை என்பதால் ஐவஸ் படத்துக்கென்று கதிர்வீச்சு கிடையாது.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. ஐவஸ் படத்துக்குச் சாய மருந்து தேவையில்லை. சாயம் அதிகமானால் பலவீனமான சிறுநீரகம் மேலும் பாதிக்கப்படலாம். பிரேசிலில் நடந்து 2014-ல் வெளியான ‘மொசார்ட்’ என்ற சிறிய ஆய்வில், ஐவஸ் உதவியோடு ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சுமார் 20 மில்லி சாயமே போதுமானதாக இருந்தது. வழக்கமான முறையில் சுமார் 64 மில்லி தேவைப்பட்டது. பல வருடமாகச் சர்க்கரை நோய் இருந்து கிரியாட்டினின் ஏறியிருப்பவர்கள் இதை டாக்டரிடம் அவசியம் பேச வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

1977-ல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் முதல்முறையாக இதயத் தமனி அடைப்பை பலூனால் விரித்தார். அவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-ல் இந்தியாவில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். சென்னையில் நீண்ட காலம் பணியாற்றினார். பலூனுக்கு அடுத்து ஸ்டென்ட் வந்தது. மருந்து தடவிய ஸ்டென்ட் வந்தது. ஒரு பிரச்னை மட்டும் தொடர்ந்தது. சிலருக்கு ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே மறுபடி அடைப்பு வந்தது. ஸ்டென்ட் சரியாக விரியாமல் இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 3.5 மில்லிமீட்டர் குழாயில் 3 மில்லிமீட்டருக்கு விரிந்த ஸ்டென்ட் இருந்தால், அது சுவரோடு ஒட்டாமல் நிற்கும். இடைவெளியில் ரத்தம் உறையலாம்.

அளந்து வைத்தால் இந்தச் சிக்கல் குறைகிறதா? ‘அல்டிமேட்’ ஆய்வில் சீனாவில் 1,448 பேர் சேர்க்கப்பட்டார்கள். சிகிச்சை செய்த குழாயில் மீண்டும் சிக்கல் வந்து மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை என்று முடிந்தது மூன்று ஆண்டுகளில் எத்தனை பேருக்கு என்று கணக்கிட்டார்கள். ஐவஸ் பார்த்து வைத்தவர்களில் 6.6 சதவிகிதம். ஆஞ்சியோகிராம் மட்டும் பார்த்து வைத்தவர்களில் 10.7 சதவிகிதம்.

தென்கொரியாவில் சிக்கலான அடைப்பு உள்ள 1,639 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில் தமனிக்குள் படமெடுத்தவர்களில் 7.7 சதவிகிதம், எடுக்காதவர்களில் 12.3 சதவிகிதம். படமெடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஐவஸ்தான் பயன்படுத்தப்பட்டது. மாரடைப்பு அல்லது அதற்கு நெருக்கமான நிலையில் வந்த 3,505 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான இன்னோர் ஆய்வில் ஓர் ஆண்டில் 4 சதவிகிதத்துக்கு 7.3 சதவிகிதம். எளிமையாகச் சொன்னால், 1,000 பேருக்கு ஐவஸ் பார்த்து ஸ்டென்ட் வைத்தால் 40 பேருக்குச் சிக்கல். பார்க்காமல் வைத்தால் 73 பேருக்கு.

இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் வைத்த 1,000 பேரிலும் 900-க்கு மேற்பட்டோர் நன்றாகவே இருக்கிறார்கள். ஆகவே, ‘எனக்கு ஐவஸ் பண்ணலையே’ என்று ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அதே நேரம், சிக்கலான அடைப்பு உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒதுக்கித்தள்ளக்கூடியதல்ல. அதனால்தான் ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-லும், அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2025-லும் சிக்கலான அடைப்புகளுக்கு இதை முதல் நிலைப் பரிந்துரையாக அறிவித்தன.

அளந்ததோடு நின்றால் பலனில்லை என்பதும் இந்த ஆய்வுகள் சொல்லும் பாடம். ஸ்டென்ட் விரியவில்லை என்று ஐவஸ் காட்டினால், பெரிய பலூன் போட்டு மறுபடி விரித்துச் சரிசெய்ய வேண்டும். எனவே ஸ்டென்ட் வைப்பதற்கு முன் ஒருமுறை, வைத்த பிறகு ஒருமுறை என இரண்டு தடவை பார்ப்பது வழக்கம். ஒரே கதீட்டரையே அந்த நோயாளிக்கு இரண்டு முறையும் பயன்படுத்தலாம்.

யாருக்கு அதிகப் பயன்?

• இடது பிரதான தமனியில், அதாவது ‘லெஃப்ட் மெயினில்’ அடைப்பு உள்ளவர்கள். இதயத் தசையின் பெரும்பகுதிக்கு ரத்தம் தருவது இந்தக் குழாய்தான்.
• குழாய் இரண்டாகக் கிளை பிரியும் இடத்தில் அடைப்பு உள்ளவர்கள்.
• நீளமான ஸ்டென்ட் தேவைப்படுபவர்கள்.
• அடைப்பில் கால்சியம் இறுகிப்போனவர்கள்.
• ஏற்கெனவே வைத்த ஸ்டென்டில் மறுபடி அடைப்பு வந்தவர்கள். ஏன் வந்தது என்று தெரியாமல் இன்னொரு ஸ்டென்ட் வைப்பது சரியாகாது.
• சாய மருந்தைக் குறைக்க வேண்டிய சிறுநீரக நோயாளிகள்.

யாருக்குத் தேவையில்லை?

ஆஞ்சியோகிராமில் அடைப்பே இல்லை என்று தெளிவாகத் தெரிந்தவர்கள், மாத்திரை போதும் என்று முடிவானவர்கள், பைபாஸ்தான் வழி என்று உறுதியானவர்கள் ஆகியோருக்கு வழக்கமாக இது தேவைப்படாது. சிறிய, எளிய அடைப்புக்குக் குட்டையான ஸ்டென்ட் வைக்கும்போது ஐவஸ் தரும் கூடுதல் பலன் குறைவு. ‘முழு உடல் பரிசோதனை’ போல நலமாக இருப்பவர் கேட்டுச் செய்துகொள்ளும் டெஸ்டும் இதுவல்ல. தமனிக்குள் கம்பி போகும் எந்தச் சோதனைக்கும் தக்க காரணம் வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எக்கோ, சி.டி. ஆஞ்சியோ, எஃப்.எஃப்.ஆர்., ஓ.சி.டி. என்று ஏகப்பட்ட பெயர்கள். எக்கோ, இதயத் தசை எப்படித் துடிக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பது. சி.டி. ஆஞ்சியோ, கையில் ஊசி வழியாகச் சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேன். எஃப்.எஃப்.ஆர்., அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று அழுத்தத்தை அளப்பது, 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு ரத்த ஓட்டத்தைப் பாதிக்கிறது என்று கொள்வார்கள். ஓ.சி.டி., ஒலிக்குப் பதில் ஒளியால் எடுக்கும் படம்; ஐவஸைவிட நுணுக்கமானது, ஆனால் படமெடுக்கும்போது ரத்தத்தை விலக்க வழக்கமாகச் சாயம் தேவை. ‘இந்த அடைப்பைச் சரிசெய்யத்தான் வேண்டுமா?’ என்ற கேள்விக்கு எஃப்.எஃப்.ஆர். உதவும். ‘எந்த அளவில், எவ்வளவு நீளத்தில், எப்படி?’ என்ற கேள்விக்கு ஐவஸும் ஓ.சி.டி.யும் உதவும். லெஃப்ட் மெயினில் மட்டும், சரிசெய்ய வேண்டுமா என்பதற்கே ஐவஸ் அளவு கைகொடுக்கிறது.

நெஞ்சுவலி நேரத்தில் தேட வேண்டியது ஐவஸை அல்ல

ஷிப்டில் இருக்கும்போது நெஞ்சு இறுக்கி, வியர்த்துக் கொட்டினால், “பெங்களூருல நல்ல மிஷின் இருக்கு” என்று பைக்கிலோ காரிலோ நெடுஞ்சாலை டிராஃபிக்கில் கிளம்பக் கூடாது. 108-ஐ அழைத்து, அருகிலுள்ள மருத்துவமனையில் முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதலுதவி மாத்திரைகள் கிடைக்கின்றன.

தமிழ்நாடே இதற்கு ஒரு முன்மாதிரி. கோவை டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டர் குழுவினர், சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் ஆய்வு நடத்தினார்கள். முதலில் அருகிலேயே சிகிச்சை, பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது என்பது ஏற்பாடு. ஓர் ஆண்டில் இறப்பு 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்தது. எங்கே போகிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறது என்பதே அங்கே உயிரைக் காக்கிறது.

எல்லை தாண்டும் முன் செலவுக் கணக்கு

ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017-ல் உச்சவரம்பு வைத்தது. மருந்து தடவிய ஸ்டென்டுக்கு அப்போது 29,600 ரூபாய். பின்னர் அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. பில்லில் ஸ்டென்டின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், விலை ஆகியவற்றைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. ஐவஸ் கதீட்டர் ஸ்டென்ட் இல்லை என்பதால் அந்த உச்சவரம்புக்குள் வராது. அதன் விலை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுபடும். எனவே ஆஞ்சியோகிராமுக்குப் படுப்பதற்கு முந்தைய நாளே, “ஒருவேளை ஐவஸ் தேவைப்பட்டால் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டு வைப்பது நல்லது.

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. போகும் மருத்துவமனை, அது கர்நாடகப் பக்கம் இருந்தால் குறிப்பாக, திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்பதை 1800 425 3993 என்ற எண்ணில் முன்கூட்டியே விசாரிக்கலாம். பட்டியலில் இருந்தாலும், ஐவஸ் அந்தத் தொகுப்புக் கட்டணத்துக்குள் அடங்குமா என்று காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளர்கள், அவசரமில்லாத சிகிச்சைக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போவதுதான் முறை. நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு பணம் பெறுவது சிரமம். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் உள்ளவர்கள் ஹெச்.ஆர். மூலம் கேட்டுக்கொள்ளலாம்.

டாக்டரிடம் கேட்க ஆறு கேள்விகள்

1. அடைப்பு எந்தக் குழாயில், எந்த இடத்தில் இருக்கிறது?
2. ஐவஸ் பார்த்தால் உங்கள் முடிவு எப்படி மாறும்?
3. பார்க்காமல் செய்தால் என்ன ஆபத்து?
4. ஸ்டென்ட் வைத்த பிறகும் ஒருமுறை பார்ப்பீர்களா?
5. கூடுதல் செலவு எவ்வளவு? காப்பீட்டில் வருமா?
6. சிறுநீரகம், சர்க்கரை, அலர்ஜி பற்றிய விவரங்களைக் கவனத்தில் எடுத்துக்கொண்டீர்களா?

இவற்றில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். “இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஸ்டென்ட், மேலே இருந்தால் மாத்திரை” என்பதுபோல் தெளிவான பதில் வந்தால் சோதனைக்குக் காரணம் இருக்கிறது என்று பொருள். சம்மதப் படிவம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருந்தால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. தயங்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோகிராம் சி.டி., ஐவஸ் அளவுகள், ஸ்டென்டின் அளவும் பேட்ச் எண்ணும் உள்ள அட்டை ஆகியவற்றை வாங்கி போனிலும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். சிகிச்சை எல்லைக்கு அந்தப் பக்கம், தொடர் செக்கப் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ என்றால், இந்தக் காகிதங்கள்தான் இரண்டு டாக்டர்களையும் இணைக்கும் பாலம்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளை டாக்டர் சொல்லும் நாள்வரை ஒருநாள்கூட விடக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும், நைட் ஷிப்டில் சாப்பாட்டு நேரம் மாறினாலும் இதில் மாற்றமில்லை. எவ்வளவு கச்சிதமாக அளந்து வைத்த ஸ்டென்டும், மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் அடைத்துக்கொள்ளக்கூடும்.

ஸ்டென்ட் ஓர் இடத்தை மட்டுமே சரிசெய்கிறது. மற்ற இடங்களில் சுவருக்குள் கொழுப்பு சத்தமில்லாமல் படிவதைத் தடுக்க பீடி, சிகரெட், ஹான்ஸை விட வேண்டும்; பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கே வந்து இவற்றைப் பரிசோதித்து மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். 2024-ல் ஆலைகளுக்கே வரும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டமும் தொடங்கியது. நர்ஸம்மா பிரஷர் கருவியோடு வரும்போது, “எனக்கு ஒண்ணுமில்ல, அடுத்தவருக்குப் பாருங்க” என்று நழுவாமல் கையை நீட்டினால், கேத் லேப் வாசலில் காத்திருக்கும் நாளையே பலர் தள்ளிப்போடலாம்.